முத்துலட்சுமி பணம் எங்கே நிற்கிறது? தாய் சேய் நல நிதி பற்றிய இழை

கண்மாய்க்கரை:

மகப்பேறு உதவித்தொகை பற்றிப் பேச்செடுத்தால் எந்த ஊரிலும் ஒரே புகார்தான்: "பிள்ளை தவழ ஆரம்பிச்சிருச்சு, பணம் இன்னும் வரல." கிராம சுகாதார செவிலியரைக் கேட்டால் ஏற்றியாச்சு என்பார். வங்கியில் கேட்டால் எதுவும் வரவில்லை என்பார்கள். நடுவில் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்கள் இங்கே எழுதினால் நல்லது. "லஞ்சம், ஊழல்" என்று ஒற்றை வரியில் முடிப்பவர்கள் வேறு இழைக்குப் போகலாம்.

முதலில் அடிப்படை விவரம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987ல் 300 ரூபாயோடு தொடங்கியது. 2006ல் 6,000, 2011ல் 12,000, 2018ல் 18,000. இந்தப் பதினெட்டாயிரம் முழுவதும் ரொக்கம் இல்லை. ரொக்கம் 14,000; மீதி தலா 2,000 மதிப்புள்ள இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். ரொக்கம் முன்பு ஐந்து தவணையாக வந்தது, 2024 முதல் மூன்று: கர்ப்பத்தின் நாலாம் மாதம் 6,000, குழந்தைக்கு நாலாம் மாதம் 6,000, ஒன்பதாம் மாதம் 2,000. 19 வயது நிறைந்திருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான்.

கேள்வி: இதில் எந்த இடத்தில் அதிகம் சிக்குகிறது?

கீபோர்டு:

பதிவு செய்யும் பக்கத்திலிருந்து சொல்கிறேன். சிக்கல்களில் பெரும்பாலானவை முதல் நாள் பதிவிலேயே விதைக்கப்படுகின்றன. முளைப்பது ஆறு மாதம் கழித்து.

கர்ப்பம் உறுதியானதும் பிக்மி என்ற அரசின் கர்ப்பிணிப் பதிவுத் தளத்தில் பதிந்து 12 இலக்க ஆர்சிஎச் (தாய் சேய் நலப் பதிவு) எண் வாங்குகிறோம். இந்த எண் இல்லாமல் நாளைக்குப் பிறப்புச் சான்றிதழும் நகராது என்பதால் தனியார் மருத்துவமனைக்குப் போகிறவர்களும் வாங்கித்தான் ஆக வேண்டும். அப்போது தருகிற கடைசி மாதவிலக்குத் தேதிதான் எல்லாவற்றுக்கும் கடிகாரம். அது 20 நாள் தள்ளிப்போனால் நாலாம் மாதம் என்று கணினி எடுத்துக்கொள்கிற நாளும் 20 நாள் தள்ளும். ஸ்கேனில் வேறு தேதி வந்தால் மருத்துவர் அட்டையில் திருத்துவார். தளத்தில் திருத்துவதைப் பல இடங்களில் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது பெயர். ஆதாரில் "செல்வி மு" என்று அப்பாவின் முதலெழுத்து. பாஸ்புக்கில் "செல்வி குமார்" என்று கணவர் பெயர். ரேஷன் கார்டில் "தமிழ்ச்செல்வி". மூன்றும் ஒரே பெண்தான், ஆனால் கணினிக்கு மூன்று பேர். புதுசாகக் கல்யாணமானவர்களிடம் இது ரொம்ப சகஜம். முதல் பிரசவப் பணம் இரண்டாவதைவிட அதிகம் சிக்குவதற்கு இதுவே பெரிய காரணம்.

மூன்றாவது, கணவர் கணக்கு எண்ணைக் கொடுப்பது. ஓடாது. தாயின் பெயரில் தனிக் கணக்குதான் வேண்டும்.

நாலாவதுதான் பலருக்குப் புரியாதது. ஆதார் எண்ணை மட்டும் வைத்து அனுப்பப்படும் பணம் நீங்கள் ஜெராக்ஸ் கொடுத்த பாஸ்புக்குக்குப் போவதில்லை. என்பிசிஐ (வங்கிகளுக்கு இடையே பணம் அனுப்பும் தேசிய நிறுவனம்) வைத்திருக்கிற ஆதார்-வங்கிப் பட்டியலில் அந்த ஆதாரோடு கடைசியாக எந்த வங்கி இணைக்கப்பட்டதோ அங்கே போகும். வீட்டு வாசலுக்கு வந்து கைரேகை வாங்கி அஞ்சலகப் பேமென்ட்ஸ் வங்கிக் கணக்கு திறந்துகொடுத்திருப்பார்கள். அப்போது ஆதார் இணைப்பும் அங்கே மாறியிருக்கும். பணம் அங்கே போய்ப் படுத்திருக்கும், இவர்கள் இந்தியன் வங்கி வரிசையில் நின்றுகொண்டிருப்பார்கள். ஆதாரோடு இணைத்த கைபேசியிலிருந்து *99*99*1# அடித்தால் எந்த வங்கி என்று வரும். மை ஆதார் தளத்திலும் பார்க்கலாம். புகார் எழுதுவதற்கு முன் இதைப் பாருங்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை.

சித்திரை:

ஜன்தன் காலத்தில் திறந்த சிறு கணக்கு என்றால் இன்னொரு தொல்லையும் உண்டு. முழு ஆவணம் கொடுக்காத சிறு கணக்கில் எந்நேரமும் இருப்பு 50,000க்கு மேல் போகக்கூடாது (அரசு உதவித்தொகை வரவுக்கு இந்த இருப்பு வரம்பு பொருந்தாது), ஆண்டு வரவு ஒரு லட்சத்தைத் தாண்டக்கூடாது. மகளிர் குழுக் கடன் வந்து விழுந்து ஆண்டு வரம்பு நிரம்பியிருந்தால் உதவித்தொகை திரும்பிப் போகலாம். கணக்கை முழு கேஒய்சிக்கு (முழு அடையாள ஆவணம் கொடுத்த கணக்காக) மாற்றுவதே தீர்வு. வங்கிகள் ஒன்றோடொன்று சேர்ந்தபோது ஐஎஃப்எஸ்சி (வங்கிக் கிளைக் குறியீடு) மாறியதும் ஒரு காலத்தில் நிறையப் பேரைப் படுத்தியது. ஆந்திரா வங்கி, கார்ப்பரேஷன் வங்கி, சிண்டிகேட், அலகாபாத் எல்லாம் 2020 ஏப்ரலில் வேறு வங்கிகளோடு சேர்ந்தன. பழைய பாஸ்புக் ஜெராக்ஸே இன்னும் சில கோப்புகளில் கிடக்கிறது.

பனங்காடு:

எல்லாரும் கணினியையே சொல்றீங்க. நம்ம ஊர் வழக்கத்தை யாரும் சொல்லல.

பதிவு நடக்கிறது புகுந்த வீட்டு ஊர்ல. ஏழாம் மாசம் வளைகாப்பு முடிஞ்சு பொண்ணு தாய்வீடு போயிரும். பிரசவம் அங்க, வேற மாவட்டத்து அரசு மருத்துவமனையில. ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினாலாவது வாரம் பெண்டாவேலண்ட் (அஞ்சு நோய்த் தடுப்பு) ஊசி மூணும் தாய்வீட்டு ஊர்த் துணை சுகாதார நிலையத்துல. அஞ்சாம் மாசம் திரும்பி புகுந்த வீடு. ரெண்டாவது 6,000 எப்ப வரணும்? குழந்தைக்கு நாலாம் மாசம். அதாவது பொண்ணு ஊர்லயே இல்லாத நேரம்!

புகுந்த வீட்டு நர்ஸம்மாவோட பட்டியல்ல அந்தப் பேர் இருக்கும், ஊசி போட்ட விவரம் இருக்காது. தாய்வீட்டு நர்ஸம்மா ஊசி போட்டுட்டு நோட்டுல எழுதுவாங்க. அவங்க பட்டியல்ல பேரே இருக்காது. ஒரே ஆர்சிஎச் எண்ல ஏத்தினா ரெண்டு பேருக்கும் தெரியும். பொண்ணு அட்டையைக் கொண்டு போகலைன்னா புது எண்ணே போட்டுவிட்டிருவாங்க. ஒரே தாய்க்கு ரெண்டு எண். அப்புறம் அதை இணைக்கிறதுக்குள்ள ஒரு வருசம்.

செய்ய வேண்டியது இதுதான். தாய்வீடு போறப்ப தாய் சேய் நல அட்டை, ஆதார், பாஸ்புக் மூணையும் கையில கொண்டு போகணும். போன முதல் வாரமே அங்க உள்ள நர்ஸம்மாகிட்ட பழைய எண்ணைக் காட்டி, வந்திருக்கிற தாயா சேர்க்கச் சொல்லணும். ஊசி போட்ட அன்னைக்கே ஏத்திட்டாங்களான்னு கேட்டுக்கணும்.

கீபோர்டு:

பனங்காடு சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இரட்டை எண் வந்தால் முதலில் வாங்கியதைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவதில் பிரசவ விவரம் ஏறியிருந்தால் வட்டார மட்டத்தில்தான் சரிசெய்ய முடியும். செவிலியரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

வரவுசெலவு:

ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்காமல் பேசிக்கொண்டிருக்கிறோம். தாயின் கணக்கில் விழுகிற ரூபாய் ஒரே குழாயிலிருந்து வருவதில்லை.

மத்திய அரசின் பிரதமர் மாத்ரு வந்தனா திட்டம் 2017 சனவரி 1 முதல். முதல் குழந்தைக்கு 5,000. 2022 ஏப்ரலுக்குப் பிறகான வடிவத்தில் 3,000, 2,000 என இரண்டு தவணை. இரண்டாவது பெண்குழந்தையானால் 6,000, ஒரே தவணை. விண்ணப்பம் குழந்தை பிறந்த 270 நாளுக்குள். தமிழ்நாட்டில் இது முத்துலட்சுமி திட்டத்தோடு இணைக்கப்பட்டிருப்பதால் 14,000க்கு மேல் இன்னொரு 5,000 என்று எதிர்பார்க்கக் கூடாது. அதற்குள்ளேயே அடக்கம். செலவுப் பங்கீடு 60:40. ஆக, முதல் பிரசவத்தில் 5,000க்கு டெல்லியின் பங்கு 3,000. பதினெட்டாயிரத்தில் மற்ற 15,000 மாநிலக் கருவூலம். இரண்டாவது ஆண்குழந்தையானால் டெல்லி பங்கு பூச்சியம்.

சின்னப் பங்குதான், ஆனால் தாமதத்தில் அதன் பங்கு பெரிது. மத்தியத் திட்டத்துக்குத் தனித் தளம், தனி நிபந்தனை, தனிச் சரிபார்ப்பு. அங்கே தளம் மாறினால், புதிதாக ஒரு புலம் சேர்த்தால், இங்கே பிக்மியில் முழுசாக இருக்கிற பதிவும் அங்கே அரைகுறை ஆகிவிடும். வயது வரம்பே பாருங்கள்: அங்கே 18 வயது 7 மாதம், இங்கே 19. எந்த அதிகாரியும் கெட்டவராக இல்லாமலேயே பணம் நிற்கிற இடங்கள் இவை.

இன்னொன்று, 2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு கர்ப்பிணிக்கு 6,000 ரூபாய்க்குக் குறையாமல் என்கிறது. அதில் முதல் குழந்தை, இரண்டாவது பெண் என்ற பாகுபாடெல்லாம் இல்லை. சட்டம் ஒன்று சொல்கிறது, திட்டம் ஒன்று செய்கிறது.

லேபர்வார்டு:

வழக்கம்போல இழை முழுக்க வங்கிக் கணக்கு. மன்னிக்கவும், கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். தாய் இறப்பைக் குறைத்தது இந்த 14,000 இல்லை.

2018-20 மாதிரிப் பதிவு முறைக் கணக்கில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்குத் தாய் இறப்பு தமிழ்நாட்டில் 54, இந்தியாவுக்கு 97. சிசு இறப்பு 2020ல் ஆயிரத்துக்கு 13, நாட்டுக்கு 28. இந்த வித்தியாசம் வந்தது சீமாங் மையங்களால் (தாய் சேய் அவசர சிகிச்சை மையங்கள்), 108ஆல், இரத்த வங்கியால், மருந்துக் கழகத்தின் கொள்முதலால், ஒவ்வொரு தாய் இறப்பையும் உட்கார்ந்து அலசுகிற பழக்கத்தால். அந்தப் பணத்தைப் பற்றி யாரும் இழை போடுவதில்லை. பாஸ்புக்கில் தெரியாதே!

ஒரே ஒரு உதாரணம். பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கைத் தடுக்க, குழந்தை வெளியே வந்த ஒரு நிமிடத்துக்குள் ஆக்சிடோசின் 10 யூனிட் தசையில் போட வேண்டும். மருந்து மலிவு. ஆனால் 2லிருந்து 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். பிரசவ அறை மேஜை டிரேயில் காலையிலிருந்து கிடந்த ஆம்பியூல் சித்திரை வெயிலில் வீரியம் இழக்கும். பார்த்தால் தெரியாது, தண்ணீர் மாதிரிதான் இருக்கும். ஊசி போட்டாச்சு என்று கேஸ் ஷீட்டில் இருக்கும், கர்ப்பப்பை சுருங்காது. இப்போது நிதிப் பக்கம் வாருங்கள். பிரிட்ஜ் வாங்க உபகரணத் தலைப்பில் பணம் வந்தது. ஸ்டெபிலைசர் போனால்? கேஸ்கெட் (கதவு ரப்பர்) கிழிந்தால்? ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வேலைக்கு எந்தத் தலைப்பில் செலவழிப்பது என்று தெரியாமல் பிரிட்ஜ் மூன்று மாதம் அலமாரி ஆகிவிடும். வெப்பம் தாங்கும் கார்பெட்டோசின் இருக்கிறது, ஆனால் அது விலை அதிகம். ஆக, நிதி மிச்சம் பிடிப்பதும் வீணாவதும் அந்தக் கேஸ்கெட்டில்தான்.

அதேபோல, சீமாங் மையம் என்று பலகை வைப்பதற்கு அறுவை அரங்கு போதும். நள்ளிரவு 2 மணிக்கு சிசேரியன் நடக்க மகப்பேறு மருத்துவர், மயக்கவியல் மருத்துவர், குழந்தை மருத்துவர், இரத்தம் நாலும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். மூன்று இருந்து ஒன்று இல்லையென்றால் அன்றைக்கு அது சீமாங் இல்லை, வழியில் ஒரு நிறுத்தம். கட்டடம் ஒருமுறைச் செலவு, அரசியல்வாதிக்குத் திறப்பு விழா. மயக்க மருத்துவர் மாதாமாதச் செலவு, அதற்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை.

பனங்காடு:

டாக்டர், கேஸ்கெட்டுக்குப் பணம் இருக்கே. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஆண்டுக்கு ஒன்னே முக்கால் லட்சம் வருதே, அது எதுக்கு?

வரவுசெலவு:

அதைத்தான் சொல்ல வந்தேன். பழைய கணக்கில் கட்டற்ற நிதி 25,000, பராமரிப்பு 50,000, நோயாளர் நலச் சங்கத்துக்கு 1,00,000. மூன்றும் சேர்ந்ததுதான் 1.75 லட்சம். கிராமச் சுகாதாரக் குழுவுக்குத் தனியாக 10,000. கேஸ்கெட், ஸ்டெபிலைசர், பிரசவ அறைப் பல்பு, தண்ணீர் மோட்டார் எல்லாம் இதில் தாராளமாகச் செய்யலாம். தடை விதியில் இல்லை, தணிக்கைப் பயத்தில். மூன்று விலைப்புள்ளி வாங்க வேண்டுமா, சங்கத் தீர்மானம் வேண்டுமா என்ற குழப்பத்தில் மருத்துவ அலுவலர் செலவே செய்யாமல் விடுவார். சங்கக் கூட்டத்தைக் காலாண்டுக்கு ஒருமுறை ஒழுங்காகக் கூட்டி, "இவ்வளவு ரூபாய்க்குள் சிறு பழுதை மருத்துவ அலுவலரே பார்க்கலாம்" என்று முன்கூட்டியே ஒரு தீர்மானம் எழுதி வைத்த நிலையங்களில் இந்தப் பிரச்சினை இல்லை. ஒரு பக்கத் தீர்மானம், அவ்வளவுதான்.

சித்திரை:

லேபர்வார்டு சொல்வது பாதி உண்மை. தாய் பிழைத்தாள் என்பது முதல் படி. எட்டாம் மாதம் வரைக்கும் களையெடுக்கப் போகிற பெண்ணுக்கு வேலைக்குப் போகாமல் இருக்க யார் கூலி கொடுப்பது? இந்தப் பணம் அதற்குத்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2011-12ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக் கூலி 119 ரூபாய். அன்றைய 12,000 கிட்டத்தட்ட 100 நாள் கூலி. 2018-19ல் கூலி 224. 14,000 என்றால் 62 நாள். 2024-25ல் கூலி 319. அதே 14,000 அந்த ஆண்டில் 44 நாள்கூட இல்லை. தொகை ஏறியது போலத் தெரிகிறது, ஆனால் தாய்க்குக் கிடைத்த ஓய்வு நாள் பாதிக்கும் கீழே போய்விட்டது. அதுவும் நேரத்துக்கு வந்தால்.

லேபர்வார்டு:

கூலிக் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். இந்தக் கோணத்தில் நான் பார்த்ததில்லை. ஆனால் தவணையைக் குறைத்தது எனக்கு உடன்பாடு இல்லை. பழைய முறையில் 12 வாரத்துக்குள் பதிந்தால் முதல் 2,000. அந்த ஆசைக்காவது சீக்கிரம் வந்தார்கள். இரத்தச்சோகையை மூன்றாம் மாதம் பிடித்தால் மாத்திரை போதும். ஏழாம் மாதம் 7 கிராமுக்குக் கீழே ஹீமோகுளோபினோடு வந்தால் இரத்தம் ஏற்ற வேண்டிவரும்.

கீபோர்டு:

ஐந்து தவணை என்றால் ஐந்து நிபந்தனை, ஐந்து சரிபார்ப்பு, ஐந்து பில், ஐந்து முறை வங்கி நிராகரிக்கும் வாய்ப்பு. மூன்றாவது சிக்கினால் நாலாவதும் சிக்கும். துணை சுகாதார நிலையத்தில் ஒரே செவிலியர்தான் ஊசி, வீடு பார்ப்பது, சர்க்கரை நோய்ப் பட்டியல், டெங்கு எல்லாம் பார்க்கிறார். மூன்றாகக் குறைத்தது சரி என்பதே என் கருத்து. 12 வாரப் பதிவுக்கு ரொக்கத்துக்குப் பதிலாக மூன்றாம் மாதத்தில் வருகிற முதல் பெட்டகமே இழுக்கும்.

பனங்காடு:

பெட்டகம் இழுக்கும், உள்ள இருக்கிறது கர்ப்பிணி வாய்க்குப் போகணுமே. நெய்யும் பேரீச்சம்பழமும் மாமியார் அலமாரியில, சத்துமாவு வீட்டுப் பிள்ளைகளுக்கு. இரும்பு டானிக் மட்டும் அப்படியே சீல் உடைக்காம இருக்கும். 😄

கிண்டல் இல்ல. டானிக் குடிச்சா மலம் கருப்பாப் போகும், மலச்சிக்கல் வரும், குமட்டும். அதை முன்னாடியே சொல்லாததாலதான் பாட்டில் நிறுத்தப்படுது. ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம் எடுத்தா குமட்டல் குறையும். டீ, காபியோட எடுத்தா உடம்புல சேராது, ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கணும். கால்சியம் மாத்திரையும் இரும்பும் ஒரே நேரத்துல கூடாது. ரெண்டாயிரம் ரூபாய்ப் பெட்டகத்தோட இந்த நாலு வரி போகலைன்னா பாதி வீண்.

கண்மாய்க்கரை:

வயது, மூன்றாவது பிரசவம் பற்றி யாராவது?

சித்திரை:

யாருக்கு ஆபத்து அதிகமோ அவர்களையே திட்டம் வெளியே நிறுத்துகிறது. 18 வயதுப் பெண்ணுக்கு இரத்தச்சோகை, இரத்த அழுத்தம், எடை குறைந்த குழந்தை எல்லாம் கூடுதல். அதற்கும் கீழே வயது என்றால் வழக்கு வருமே என்ற பயத்தில் பதிவுக்கே வருவதில்லை. மூன்றாவது, நாலாவது பிரசவத்தில் கர்ப்பப்பை தளர்ந்து இரத்தப்போக்கு வரும் வாய்ப்பு அதிகம். குழந்தைத் திருமணத்தை ஊக்குவிக்கக் கூடாது, சிறு குடும்பம் வேண்டும் என்பது அரசின் வாதம். ரொக்கத்துக்கு அந்த வாதம் பொருந்தலாம் என்றே வைத்துக்கொள்வோம். பெட்டகத்துக்கு எதற்கு? பசிக்கு வயது வரம்பா?

ஆனால் ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2011 சூன் 1ல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்துக்கு வயதும் கிடையாது, எத்தனையாவது பிரசவம் என்பதும் கிடையாது. அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, பரிசோதனை, இரத்தம், சாப்பாடு, வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவிடும் வண்டி எல்லாம் இலவசம். சுகப்பிரசவத்துக்கு 3 நாள் சாப்பாடு, சிசேரியனுக்கு 7 நாள். நோயுற்ற குழந்தைக்கு முதலில் 30 நாள் வரை என்று இருந்தது, 2014ல் ஒரு வயது வரை நீட்டினார்கள். "உங்களுக்கு மூணாவது, அதனால வண்டி கிடையாது" என்று யாராவது சொன்னால் அது தவறு. 102க்குக் கூப்பிடுங்கள்.

வரவுசெலவு:

அந்தச் சாப்பாட்டுப் பணம் எந்தக் குழாயில் வருகிறது என்று சொன்னால் கண்மாய்க்கரையின் முதல் கேள்விக்கும் பதில் வந்துவிடும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேசிய சுகாதாரத் திட்டத்தில் மாநிலம் இரண்டாண்டுக்கு ஒரு செயலாக்கத் திட்டம் அனுப்பும்: 2022-24, அடுத்து 2024-26. டெல்லியில் பேசி, வரிவாரியாக ஒப்புதல் வரும். தாய் சேய் நலத்துக்கான தொகை அதில் ஒரு பகுதி. 60 மத்தியம், 40 மாநிலம். ஒப்புதல் வந்தால் பணம் வந்ததாக அர்த்தம் இல்லை. நாளிதழில் "இத்தனை கோடி ஒதுக்கீடு" என்று வருவது பெரும்பாலும் இந்த ஒப்புதல்தான்.

2021ல் வந்த ஒற்றை முதன்மைக் கணக்கு முறையில் திட்டத்துக்கு மாநிலத்தில் ஒரே வங்கிக் கணக்கு. கீழே மாவட்டம், வட்டாரம், ஆரம்ப சுகாதார நிலையம் எல்லாருக்கும் பூச்சிய இருப்புக் கணக்கு. கையில் பணம் இருக்காது, இவ்வளவு வரை எடுக்கலாம் என்ற வரம்பு மட்டும் இருக்கும். டெல்லி ஒரு நேரத்தில் ஆண்டுத் தொகையில் 25 விழுக்காட்டுக்கு மேல் விடாது. அடுத்தது வேண்டுமென்றால் மாநிலம் தன் பங்கைப் போட்டிருக்க வேண்டும், முன்பு கொடுத்ததில் 75 விழுக்காடு செலவாகியிருக்க வேண்டும். மத்தியப் பங்கைக் கருவூலத்திலேயே 30 நாளுக்கு மேல் வைத்திருந்தால் மாநிலத்துக்கு ஆண்டுக்கு 7 விழுக்காடு வட்டித் தண்டமும் உண்டு.

நோக்கம் சரிதான். முன்பு ஆயிரக்கணக்கான சின்னக் கணக்குகளில் பணம் தூங்கியது. ஆனால் விளைவைப் பாருங்கள். 75 விழுக்காடு என்பது மாநிலம் முழுவதும் சேர்த்துப் பார்க்கும் கணக்கு. நாலு மாவட்டம் மந்தமாக இருந்தால் ஒழுங்காகச் செலவழித்த மாவட்டத்துக்கும் வரம்பு ஏறாது. அங்கே சாப்பாடு போடுகிற மகளிர் குழு பில் நிற்கும். ஒரு தாய்க்கு நாளுக்கு 100 ரூபாய், 3 நாளுக்கு 300. மாதம் 40 பிரசவம் என்றால் 12,000. நாலு மாதம் பாக்கி விழுந்தால் 48,000. மளிகைக் கடைக்காரர் குழுவுக்குக் கடன் கொடுப்பதை நிறுத்துவார். அப்புறம் தட்டில் முட்டை காணாமல் போகும். முட்டை போனதற்குக் குழுவைத் திட்டுவார்கள்.

மார்ச் 31 நள்ளிரவில் எடுக்காத வரம்பு செத்துவிடும். புது ஆண்டின் வரம்பு ஏறும் வரை ஏப்ரல், மே வறட்சி. அதனால் விவரம் தெரிந்த கணக்காளர் பிப்ரவரி முடிவதற்குள் பாக்கி பில் எல்லாம் ஏற்றிவிடுவார். மார்ச் கடைசி வாரம் தளம் ஆமை வேகத்தில் போகும் என்பது அவருக்குத் தெரியும்.

கண்மாய்க்கரை:

அப்படியானால் குறிப்பிட்ட ஒரு தாயின் பணம் வராதபோது என்ன கேட்க வேண்டும், யாரிடம்?

வரவுசெலவு:

"ஏன் வரவில்லை" என்று கேட்கக் கூடாது. அதற்கு "நடவடிக்கையில் உள்ளது" என்ற பதில் எப்போதும் தயாராக இருக்கும். ஆவணத்தைக் கேளுங்கள்.

ஆர்சிஎச் எண்ணோடு முதலில் வட்டார ஆரம்ப சுகாதார நிலையம். மூன்று நிலைகளில் எங்கே என்று கேளுங்கள்: பதிவு ஒப்புதல் ஆகவில்லையா, ஒப்புதலாகி பில் போடவில்லையா, பில் போய் வங்கியிலிருந்து திரும்பியதா. மூன்றுக்கும் மருந்து வேறு. முதலாவது என்றால் விடுபட்ட புலத்தை நிரப்பினால் போதும். இரண்டாவது என்றால் நிதி இல்லை, நீங்கள் அலைந்து பயனில்லை. மூன்றாவது என்றால் திரும்பிய காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். பெயர் பொருந்தாமை, கணக்கு முடக்கம், ஆதார் இணைப்பு இல்லை என ஏதாவது ஒன்று இருக்கும்.

அங்கே பதில் இல்லை என்றால் 104 அல்லது முதல்வரின் முகவரி 1100. அதுவும் நகரவில்லை என்றால் தகவல் உரிமை மனு, 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி. கேட்க வேண்டியவை: இந்த எண்ணுக்குரிய தவணைகளின் ஒப்புதல் தேதி, பில் எண்ணும் தேதியும், வங்கிப் பரிவர்த்தனை எண், திரும்பியிருந்தால் காரணம், அந்த வட்டாரத்தில் அதே மாதம் திரும்பிய தவணைகளின் எண்ணிக்கை. கடைசிக் கேள்வியை விடாதீர்கள். உங்களுடையது தனிப்பட்ட பிழையா, வட்டாரம் முழுக்கவா என்பது அதில் தெரிந்துவிடும். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு.

மாநில அளவில் பார்க்க விரும்பினால் நிதிநிலை அறிக்கையில் கோரிக்கை எண் 19, மக்கள் நல்வாழ்வு. 2210 (மருத்துவம், பொதுச் சுகாதாரம்), 2211 (குடும்ப நலம்) கணக்குத் தலைப்புகளைத் திறந்து மதிப்பீட்டை விடுங்கள், உண்மைச் செலவைப் பாருங்கள். அது இரண்டாண்டு பின்தங்கித்தான் வரும். மதிப்பீட்டுக்கும் அதற்கும் உள்ள இடைவெளியில்தான் இந்த இழை முழுவதும் இருக்கிறது.

லேபர்வார்டு:

மனு எழுதுகிறவர்கள் உங்கள் சீமாங் மையத்தில் கடந்த ஆண்டு எத்தனை இரவு மயக்கவியல் மருத்துவர் பணியில் இருந்தார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அதே 10 ரூபாய்தான்.

பனங்காடு:

ஒரு சந்தேகம். கணக்கு எண்ணைத் திருத்தி மூணு மாசம் ஆச்சுன்னு வைங்க. திரும்பிப் போன பழைய தவணை தானா வருமா?

கீபோர்டு:

தானாக வராது. திருத்தம் அடுத்த தவணைக்குத்தான் பொருந்தும். திரும்பியதை மறுபடி அனுப்பத் தனிப் பட்டியல் போட வேண்டும். அந்தப் பட்டியலில் பெயர் சேர்ந்ததா என்று செவிலியரிடம் கேட்காதீர்கள், அவருக்குத் தெரியாது. வட்டாரத்தில் கேளுங்கள். போகும்போது பாஸ்புக்கின் முதல் பக்கத்தோடு, ஆதார் எந்த வங்கியில் இணைந்திருக்கிறது என்ற திரையையும் நகல் எடுத்துக்கொண்டு போங்கள்.